ஆட்டுக்குட்டி சாமியின் முகம்

காஜா பெராங், மலாக்கா
2603 ஜூன் 6

அன்புள்ள பொன்னம்மா அக்காவுக்கு,

ராஜரத்தினம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இன்றுவரை உயிரோடு இருக்கிறேன். நீங்களும் மகன் ஜெயபாலனும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன்.

தபாலில் போட்டால் போலீஸ் ஸ்டேஷனில் பிரித்துப் படிக்கிறார்களாம். அதனால் இதைக் கய்யூம் நானாவிடம் கொடுத்திருக்கிறேன். சோப்பும் தேங்காய் எண்ணெயும் சைக்கிளில் கட்டிக்கொண்டு உங்கள் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வருகிறவர்தான். பதிலையும் அவரிடமே கொடுங்கள். நம்பலாம்.

இந்த மாதமும் என்னால் படத்துணி விரித்து வேதக்கதை சொல்லும் ஊழியத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. வெள்ளைக்காரப் பாதிரியாரை ஜப்பான்காரர்கள் சிறையில் வைத்த பிறகு ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஜனங்களுக்கு வேத வசனம் சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், அதில் நானும் வராவிட்டால் எப்படி என்று மனம் அடித்துக்கொள்கிறது. துணி பத்திரமா? பன்னிரண்டு படமும் இருக்கிறதா? சுருட்டும்போது பெயின்ட் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே போனால் வெடித்துவிடும் என்று ஆறு வருஷமாகச் சொல்கிறேன். ஜெயபாலன் மட்டும்தான் கேட்பான். இயேசு ஆட்டுக்குட்டியோடு நிற்கிற நல்ல மேய்ப்பர் படத்தின் ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதை யாரும் தொட வேண்டாம். அந்த முகத்துக்கு மட்டும் எட்டு மாதம் உழைத்தேன் என்பது உங்களுக்கே தெரியும். ஜனங்கள் இன்னும் அவரை ஆட்டுக்குட்டி சாமி என்றுதான் கூப்பிடுகிறார்களா?

நான் விளம்பரம் வரைந்துகொடுத்த சினிமாக் கொட்டகையும் கடைகளும் மூடிச் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு ஓர் அரசாங்க ஆபீசில் பலகை எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. கூலிக்கு அரிசி தருகிறார்கள். ஒரு சின்ன மூட்டை அனுப்பியிருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று அலுத்திருக்கும். ஒரு நாளாவது சோறு ஆக்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி
ராஜரத்தினம்


தோட்டத்து லயம், ஜாசின்
1943 ஜூன் 24

தம்பி ராஜரத்தினத்துக்கு,

உன் கடிதத்தின் தலையில் இருந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, நீ எங்களையெல்லாம் விட்டுவிட்டு அறுநூற்றுச் சொச்சம் வருஷத்தைத் தாண்டி ஓடிவிட்டாயோ என்று நினைத்தேன். கய்யூம் நானா சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருகிற கடிதத்துக்குமா ஜப்பான்காரன் வருஷம்? கர்த்தர் பிறந்த வருஷத்தை எழுத உனக்கு என்ன அவ்வளவு பயம்?

விளையாட்டு அதோடு போதும். இரண்டு வாரத்துக்கு முன்னால் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டினார்கள். பின்னால் ரயில் வண்டி. முன்னால் ஒருவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டுகிறார். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதம்தான், சாப்பாடு உண்டு, துணி உண்டு, பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தமிழில் எழுதியிருந்தது. எழுத்தை யார் படித்தார்கள்? எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். ரப்பர் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு முதலில் கத்தியது அப்பாசாமிதான். "டேய், நம்ம ஆட்டுக்குட்டி சாமிடா! சாமியே வந்து கூப்புடுறாருடா!"

அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை லாரியில் நாற்பத்திரண்டு பேர் போனார்கள். அப்பாசாமியின் பெண்சாதி சந்திரமதி நாலு மாதக் கர்ப்பிணி. லாரி மறைகிற வரை கை காட்டிக்கொண்டு நின்றாள். என் ஜெயபாலனும் அதே லாரியில்தான் போனான். ஒரே பிள்ளை. உனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் படம் நீ வரைந்ததா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அரிசி வந்தது. உலையில் போட மனசு வரவில்லை. நானாவிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பொன்னம்மா


காஜா பெராங்
1943 ஜூலை 11

அன்புள்ள அக்கா,

வருஷத்தை மாற்றி எழுதிவிட்டேன். உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம்.

ஆனால் எப்படி நடந்தது என்று கேட்ட பிறகு எனக்குத் தீர்ப்பு சொல்லுங்கள். பலகை எழுதத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் போனேன். உள்ளே போனபிறகு சுவரொட்டி வேண்டும், இரண்டு நாளில் வேண்டும் என்றார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். முடியாது என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று மலாக்காவில் எல்லாருக்கும் தெரியும். என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

முகம் எப்படி அதுவே வந்தது என்பதையும் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முகம் நன்றாக அமைந்துவிட்டால் அதன் கோடுகளை ஒரு தாளில் ஊசியால் நெருக்கமாகக் குத்தி வைத்துக்கொள்வோம். அடுத்த முறை அந்தத் தாளை வெற்றுத் தாளின்மேலோ சுவரிலோ வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால், துளை வழியே தூள் இறங்கி அதே முகம் புள்ளி புள்ளியாக அங்கே விழும். மேய்ப்பர் முகத்துக்கும் அப்படி ஒரு தாள் என் பெட்டியில் இருந்தது. இரண்டு நாளில் புது முகத்துக்கு எங்கே போவேன்? அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தட்டிவிட்டேன். இதுதான் நடந்தது.

அது சும்மா ஒரு விளம்பரப் படம், சாமியில்லை என்று ஜனங்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஜெயபாலன் கெட்டிக்காரன், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடுவான்.

ராஜரத்தினம்


தோட்டத்து லயம்
1943 அக்டோபர் 17

ராஜரத்தினம் அவர்களுக்கு,

மூன்று மாதம் முடிந்து இன்னொரு மாதமும் போய்விட்டது. நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள் உங்களுக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது.

போன வாரம் கிராணி இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அந்தப் படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். ஆறு வருஷம் உங்கள் படத்துணியை நான்தான் விரித்தேன், நான்தான் சுருட்டினேன். உங்கள் கையெழுத்தைவிட உங்கள் தூரிகை எனக்கு நன்றாகத் தெரியும். கன்னத்தின் கீழே மெல்லிய மஞ்சள் நிழல் கொடுத்திருக்கிறீர்கள். படத்துணியில் ஒரு கண் கொஞ்சம் பெரிதாக இருக்கும், நீங்களே சொல்லிச் சொல்லி வருத்தப்படுவீர்கள். சுவரில் இருப்பதில் அதையும் சரிசெய்திருக்கிறீர்கள். இரண்டு நாளில் உயிருக்குப் பயந்தவன் செய்கிற வேலையா இது? ஆசை ஆசையாகச் செய்த வேலை.

கய்யூம் நானாவிடமும் விசாரித்தேன். தெங்கேரா போகிற வழியில் உங்கள் ஆபீசை அவர் தினமும் தாண்டித்தான் போகிறாராம். "வாசல்ல துப்பாக்கியா? ஒரு நாளும் பாத்ததில்லையேம்மா. தம்பி உள்ள காப்பி குடிச்சிக்கிட்டு வரைஞ்சிக்கிட்டிருப்பாரு" என்றார்.

நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்! நீங்கள் வந்து சொல்லுங்கள். லயத்துப் பெண்கள் முன்னால் நின்று, இதை வரைந்தவன் நான்தான், இப்படித்தான் வரைந்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை என்னை அக்கா என்று எழுத வேண்டாம்.

பொன்னம்மா


காஜா பெராங்
1944 பிப்ரவரி 20

பொன்னம்மா அம்மா அவர்களுக்கு,

நவம்பரில் காய்ச்சல். டிசம்பரில் ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. ஜனவரியில் மழை. மூன்றும் உண்மைதான். மூன்றும் இல்லாதிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. இதை எழுத நாலு மாதம் ஆகியிருக்கிறது.

நானா சொன்னது சரி. வாசலில் யாரும் நிற்கவில்லை. இரண்டு நாள் கெடுவும் இல்லை, ஒன்பது நாள் வரைந்தேன். நடந்தது இதுதான்.

ஆபீசில் இருந்த ஜப்பான் அதிகாரி என் பழைய சினிமா விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "உங்க தோட்டத்து ஆளுங்க எந்த மாதிரி மூஞ்சியப் பாத்தா நம்புவாங்க?" நான் யோசிக்கக்கூட இல்லை. "என்கிட்ட ஒண்ணு இருக்குங்க" என்றேன். யாரும் மிரட்டவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆறு வருஷமாகத் தோட்டம் தோட்டமாக இந்த முகத்தைக் காட்டியிருக்கிறேன், குழந்தைகள்கூட இதைக் கண்டால் கிட்டே வரும் என்று நானே சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அதிகாரி சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நம் சபையில் என் படத்தை யாராவது அப்படிப் பார்த்திருக்கிறார்களா? ஊழியத்துக்கு உபயோகமான துணி, அவ்வளவுதான். படம் எதற்கு, வசனம் போதாதா என்று கேட்ட மூப்பர்களும் உண்டு. அங்கே ஒருவர் எனக்கு நாற்காலி போட்டு, நல்ல தூரிகை கொடுத்து, ஓவியர் என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் மேய்ப்பரைக் கொடுத்துவிட்டேன். அரிசி அதற்குப் பிறகுதான் வந்தது. சயாம் எப்படிப்பட்ட இடம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இப்போது அந்த வேலையில் இல்லை. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒருவருடைய நிலத்தில் கிழங்கு தோண்டுகிறேன். தூரிகையைத் தொட்டு ஐந்து மாதம் ஆகிறது. அதைப் புண்ணியமாகச் சொல்லவில்லை. தொட அருவருப்பாக இருக்கிறது.

ஒரே ஒரு தயவு செய்யுங்கள். இந்தக் கடிதத்தை லயத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் வந்து நின்று சொல்வதும் நீங்கள் வாசிப்பதும் ஒன்றுதானே. என்னால் அவர்கள் முன்னால் வந்து நிற்க முடியாது.

ராஜரத்தினம்


தோட்டத்து லயம்
1944 ஆகஸ்ட் 13

தம்பி,

ஜெயபாலன் இறந்துவிட்டான்.

போனவர்களில் கணேசமூர்த்தி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறான். காட்டு வழியே தப்பித்து, கிடைத்த வண்டியில் ஒளிந்து, எப்படியோ வந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே புண். அவன் சொல்லித்தான் தெரிந்தது. போன வருஷம் ஆகஸ்டிலேயே காலரா வந்து ஜெயபாலன் போய்விட்டானாம். நான் இங்கே மூன்று மாதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான். அப்பாசாமியும் அதே வாரத்தில் இறந்தார். இன்னும் பலர். பெயர் பெயராகச் சொன்னான். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. நீ கோழை, அதனால் நீயே வந்து சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் கடிதத்தை வாசித்தால் என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் வாசிக்கவில்லை.

அந்தப் படம் ஒட்டிய அன்று அப்பாசாமி கத்தியதை உனக்கு எழுதினேன். அதற்கு அடுத்ததை எழுதவில்லை. கூட்டத்தில் நானும் இருந்தேன். ஜெயபாலன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, நெசமாவே நம்ம மேய்ப்பர் மூஞ்சிதானே இது?" என்று கேட்டான். நான் "ஆமாப்பா" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆறு வருஷம் இந்த லயத்தில் படம் விரித்திருக்கிறேன். உட்கார்ந்து பார்ப்பார்கள், சிரிப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். ஒருவர்கூட ஞானஸ்நானம் கேட்டதில்லை. பொன்னம்மா பொம்மை காட்டுகிறாள் என்று கிராணி கேலி செய்வார். அன்றைக்கு அவர் ஆபீஸ் சுவரிலேயே நம் மேய்ப்பரைக் கண்டதும் லயம் முழுக்க அடையாளம் சொல்லிற்றே, அந்தப் பெருமை எனக்கு. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். படித்தும் "ஆமாப்பா" என்றேன். உன்னை வந்து நில், சொல் என்று விரட்டிக்கொண்டிருந்தவள் இவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெண்களைக் கூப்பிட்டு உன் கடிதத்தை வாசித்தேன். பிறகு என்னுடையதையும் சொன்னேன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடித்ததும் சந்திரமதி சொன்னாள்: "தெரியும்கா. ஒங்க பின்னாலதானே நின்னோம். நீங்க ஆமான்னு சொன்னதக் கேட்டுட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு பேரு குடுத்தாரு. நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தோம்."

பதினான்கு மாதம், தம்பி. தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் அவர்கள் தண்ணீருக்குப் போவார்கள். தினமும் "என்னக்கா, சாப்டாச்சா?" என்று கேட்பார்கள்.

நான் வாசித்ததும் நீ வந்து சொல்வதும் ஒன்றில்லை. இப்போது எனக்குத் தெரிகிறது. உன்னை இனி விரட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கேட்டுக்கொள்கிறேன். வா.

அக்கா
பொன்னம்மா


காஜா பெராங்
1944 அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

நான் வந்துவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிறது. பெண்கள் முன்னால் நான் உளறிக் கொட்டியதை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவராவது காறித் துப்பியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவித்த கிழங்கும் கறுப்புக் காப்பியும் கொடுத்தார்கள். அதையும் வாங்கித் தின்றேன். ஜெயபாலனைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. நான் புறப்படும்போது நீங்கள் கணேசமூர்த்தியின் காலுக்கு மருந்து கட்ட உள்ளே போயிருந்தீர்கள். ரோட்டுக்குப் போகும் வழியில் சந்திரமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவன் அப்பன பாத்ததே இல்லீங்க. நீங்க படம் காட்ட வர்றப்பல்லாம் அவரு மொத வரிசையிலதான் குந்தியிருப்பாரு. அவரு மூஞ்சி ஒங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றேன்.

"அப்ப ஒரு படம் வரைஞ்சு குடுங்க. பையனுக்குக் காட்டணும்."

"குடுக்கிறேன்" என்றேன். அவள் சிரித்தாள். அன்று முழுக்க அந்த லயத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான்.

வீட்டுக்கு வந்து, ஒரு வருஷமாகத் தொடாத தூரிகையை எடுத்தேன். நாலு நாள் தாளின் முன்னால் உட்கார்ந்தேன். அப்பாசாமிக்கு மீசை இருந்ததா? நெற்றி ஏறியிருந்ததா? பல் எப்படி? ஒன்றும் வரவில்லை அக்கா. ஆறு வருஷம், மாதம் ஒரு தடவை, அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்று படம் காட்டியிருக்கிறேன். ஜெயபாலன் முகத்தை நீங்கள் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்திருப்பேன். மற்றவர்களில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. படத்தை விரித்தால் அவர்கள் கண்ணை அகல விரிக்கிறார்களா, மேய்ப்பர் வந்ததும் வாயைப் பிளக்கிறார்களா என்றுதான் பார்த்தேன். அவர்களைப் பார்க்கவில்லை. என் வேலை எப்படி இருக்கிறது என்பதைத்தான் ஆறு வருஷமும் பார்த்தேன். நான் ஊழியம் என்று பெயர் வைத்திருந்தது இதற்குத்தான்.

ஐந்தாம் நாள் கை தானாக ஓடிற்று. நல்ல முகம். மீசை வைத்தேன், தலைத்துண்டு கட்டினேன். எட்டி நின்று பார்த்தால் மேய்ப்பர் மீசை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தால் சந்திரமதி வாங்கிக்கொள்வாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் கொஞ்சம் யோசிப்பாள். பிறகு, ஓவியருக்குத் தெரியாததா என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிற முகத்தைத் தள்ளிவிட்டு இதை வைத்துக்கொள்வாள். பிள்ளை இதைப் பார்த்து அப்பா என்று கூப்பிடப் பழகும். அவள் புருஷனை ஒரு தடவை சயாமுக்கு அனுப்பிவைத்தேன், அவள் ஞாபகத்திலிருந்தும் அனுப்பினால் இது இரண்டாவது தடவை. இது புரிந்ததும் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். கடிதத்தின் தலையில் ஒரு வரியை எழுதி அடித்திருப்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். "தயவுசெய்து சந்திரமதியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். வேறு தாள் இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அது இருக்கட்டும்.

நீங்கள் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். படம் எதுவும் கொண்டுவர மாட்டேன். ஞாபகம் இருக்கிறது என்று சொன்னது பொய், உன் வீட்டுக்காரர் முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை அம்மா என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவள் வேலைக்குப் போய்விடாமல் கொஞ்சம் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

ராஜரத்தினம்